குளிருக்குப் பருப்பு வேகாதா? மலையேறியதும் மாறிப்போகும் சின்னச் சின்ன விஷயங்கள்

கேள்வி இதுதான்: கோவையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போதே தலையணை மாதிரி உப்பிவிட்டது, உள்ளே இருப்பது கெட்டுப்போய்விட்டதா? ஊட்டியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் வழக்கம்போல 3 விசில் விட்டும் துவரம்பருப்பு மசியவே இல்லை, குளிர்தான் காரணமா? இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. பாக்கெட் உப்பியதற்கும் பருப்பு மசியாததற்கும் காரணம் ஒன்றே: மேலே காற்றின் அழுத்தம் குறைவு. குளிருக்கு இரண்டிலும் பெரிய பங்கில்லை.

மலை ஏறும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்று குளிர். அது உடனே தெரிந்துவிடும், ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். மற்றொன்று காற்றழுத்தம். காது அடைத்துக்கொள்ளும் ஒரு நேரம் தவிர அது மாறுவதே நமக்குத் தெரிவதில்லை. அதனால் மேலே எது நடந்தாலும் பழி குளிரின் தலையில் விழுகிறது. எது எதனுடைய வேலை என்று பிரித்துப் பார்த்தால்தான் செய்யும் வைத்தியமும் பலிக்கும். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்தினால் பலன் உண்டு. பருப்புக்குப் போர்த்தினால் இல்லை.

முதலில் கணக்கு. கடற்கரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல், அதாவது ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் மேல், காற்று 1 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையோடு உட்கார்ந்திருக்கிறது. 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் அது சுமார் 980 கிராம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 800 கிராமுக்குச் சற்றுக் கீழே. கொடைக்கானல் 2,133 மீட்டர், அங்கும் கிட்டத்தட்ட இதே கதை. கோவையில் அடைத்த காற்று அந்த அழுத்தத்தைச் சுமந்துகொண்டே மேலே வருகிறது. வெளியே தாங்கிப் பிடிக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எனவே 100 மில்லி காற்று விரிந்து 124 மில்லி ஆகப் பார்க்கும். கோவையின் 32 டிகிரியிலிருந்து ஊட்டியின் 15 டிகிரிக்கு வந்ததில் அதே காற்று சுமார் 7 மில்லி சுருங்குகிறது. மிச்சம் 117. பாக்கெட் உப்புவதற்கு அது தாராளம். குளிர் இங்கே உண்மையில் உப்பலைக் குறைக்கத்தான் பார்க்கிறது.

மூடி வைத்த எல்லாவற்றுக்கும் இதே விதி. ஷாம்பு பாட்டிலைத் திறந்தால் தானாகவே வழியும். ரோல்-ஆன் கசியும். பால் புட்டியின் மூடியை எடுத்ததும் ரப்பர் வழியே பால் பீய்ச்சும். திறந்து ஒரு முறை காற்றை வெளியே விட்டுப் பிறகு கொடுக்க வேண்டும். மை பேனாவை நிப் மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப் பையில் குத்தி வைத்தால் காற்று மட்டும் வெளியேறும், கவிழ்த்து வைத்தால் மையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். தயிர் டப்பாவின் மேல்தாளை முகத்துக்கு நேரே வைத்துக் கிழிக்க வேண்டாம்.

இனி சமையல். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டிய இடம்.

தண்ணீர் கொதிப்பது என்பது உள்ளிருந்து கிளம்பும் ஆவி, மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது. அழுத்துகிற எடை குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கோவையில் 98½, குன்னூரில் 94, கொடைக்கானலில் 93, ஊட்டியில் 92½ முதல் 93, தொட்டபெட்டா உச்சியில் 91½ டிகிரி சுமாருக்குத் தண்ணீர் கொதிக்கும். பார்வைக்கு அதே தளபுள என்ற கொதிதான். ஆனால் பருப்பும் அரிசியும் வேகும் வேகத்தைத் தீர்மானிப்பது குமிழி அல்ல, சூடு. பத்து டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது சமையலுக்கு ஒத்துவரும் ஒரு சுமாரான கணக்கு. கோவைக்கும் ஊட்டிக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் என்றால் திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மடங்கு நேரம். கீழே 20 நிமிடத்தில் வடிக்கிற சோற்றுக்கு மேலே அரை மணி நேரம் வரை ஆகலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு, தீயைக் கூட்டுவது. கொதிக்கும் தண்ணீருக்கு அதற்கு மேல் சூடேறாது. தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும், அடிப் பிடிக்கும், பருப்பு அப்படியேதான் இருக்கும். உப்புப் போட்டால் கொதிநிலை உயரும் என்று சொல்வார்கள். உண்மைதான்; ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு டிகிரி உயர்த்த 58 கிராம் உப்பு வேண்டும். அந்தப் பருப்பை யார் சாப்பிடுவது? செய்ய வேண்டியது: மூடி போட்டு, மிதமான தீயில், கூடுதல் நேரம். ஆவியாகப் போவதை ஈடுகட்டக் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும். பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறப் போட வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை இரவே ஊறப் போட வேண்டும், அதுவும் மலைக் குளிரில் ஊறுவதும் மெதுவாகத்தான் நடக்கும் என்பதால் முதல் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றுவது நல்லது. புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான்; புளிப்பு சேர்ந்தால் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும்.

குக்கர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். பெரும்பகுதி தீர்ந்துவிடும், முழுவதும் தீராது. குக்கர் மேல் இருக்கும் வெயிட், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு அதிகமாகும்போது தூக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அந்த ஒரு கிலோ எங்கே போனாலும் மாறாது. மாறுவது அதற்கு அடியில் இருக்கும் தளம். கோவையில் 0.98 கிலோவோடு ஒன்று சேர்ந்து கிட்டத்தட்ட 2 கிலோ. உள்ளே சூடு 119 டிகிரிக்கு மேல். ஊட்டியில் 0.8 உடன் ஒன்று சேர்ந்து 1.8 கிலோ, உள்ளே 116 டிகிரி. மூன்று டிகிரி வித்தியாசத்துக்கு நேரம் கால் பங்கு கூடும். திறந்த பாத்திரத்தில் ஒன்றரை மடங்கு ஆனது குக்கரில் ஒன்றேகால் மடங்கோடு நின்றுவிடுகிறது என்பதே மலையில் குக்கரின் பெருமை.

விசிலை எண்ணுவதுதான் இங்கே ஏமாற்றும். விசில் என்பது அழுத்தம் எட்டிவிட்டது என்ற சத்தம் மட்டுமே. எவ்வளவு நேரம் வெந்தது என்று அது சொல்லாது. பெரிய தீயில் மூன்று விசில் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும், சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மலையில் கடிகாரத்தை நம்புங்கள். முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்து, கீழே 8 நிமிடம் வைக்கும் பருப்பை 10 நிமிடம், 20 நிமிடம் வைக்கும் கடலையை 25 நிமிடம் வையுங்கள். விசிலாகவே எண்ணித்தான் பழக்கம் என்றால் மூன்றுக்கு நான்கு. குளிர் செய்யும் ஒரே காரியம் முதல் விசிலைத் தாமதப்படுத்துவது; குழாயில் 12 டிகிரியில் வரும் தண்ணீர் சூடேற நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெயில் பொரிப்பது தலைகீழ். எண்ணெய்க்கு இந்தக் கொதிநிலைக் கட்டுப்பாடு இல்லை, மலையிலும் அது கீழே போலவே 180 டிகிரிக்குச் சூடாகும். ஆனால் பஜ்ஜி மாவில் இருக்கும் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகி ஓடிவிடுகிறது. மேலே கருகி உள்ளே மாவாக இருக்கும் பஜ்ஜி இப்படித்தான் பிறக்கிறது. எண்ணெயின் சூட்டைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைத்து, அதாவது மாவுத் துளி போட்டவுடன் சீறி எழும் நிலை அல்லாமல் ஒரு நொடி கழித்து மேலே வரும் நிலையில் போட்டு, இன்னும் ஓரிரு நிமிடம் விட்டு எடுத்தால் சரியாக வரும்.

காபிக் குடியர்களுக்கு மட்டும் மலை அனுகூலம் செய்கிறது. ஃபில்டர் காபிக்கு 90 முதல் 96 டிகிரி தண்ணீர்தான் உகந்தது. அதற்கு மேலே போனால் கசப்பு இறங்கும். கீழே தண்ணீர் கொதித்ததும் சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஊட்டியில் கொதிக்கக் கொதிக்க அப்படியே ஊற்றலாம். டீ நேர்மாறு: மலையில் வெந்நீர் ஊற்றி வடிக்கும் டீ சற்று வெளுத்துத்தான் போகும். டஸ்ட் டீயைத் தண்ணீரிலேயே போட்டு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டால் சாயம் இறங்கும்.

குடிதண்ணீர் காய்ச்சுவதிலும் இது கணக்கில் வருகிறது. நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் போதும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. ஆனால் 6,500 அடிக்கு, அதாவது சுமார் 1,980 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் என்று அதே மையம் சொல்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஊட்டியும் கொடைக்கானலும் மேலே.

இட்லியில் இரண்டு எதிரிகளும் சேர்ந்தே வருகிறார்கள். மாவு புளிக்காதது குளிரின் வேலை: புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும், 14 டிகிரியில் அவை தூங்கிவிடும், ஒரு நாள் முழுக்க வைத்தாலும் மாவு அசையாது. வெந்நீர் விட்டு அரைப்பது பலன் தரும், கை பொறுக்கும் சூடு போதும். உப்பைப் புளித்த பிறகு போட வேண்டும். முதலிலேயே போடுவது கீழ்நாட்டு வெயிலில் புளிப்பை மட்டுப்படுத்தும் வழக்கம், மேலே அது வேண்டாத கட்டுப்பாடு. பாத்திரத்தை மூடி, அணைத்து வைத்த ஓவனுக்குள் ஒரு பெரிய சட்டி வெந்நீரோடு வைத்து, ஆறியதும் வெந்நீரை மாற்றினால் 10 முதல் 14 மணி நேரத்தில் பொங்கும். ஹாட்பாக்ஸ், அரிசி மூட்டைக்குள் புதைப்பது எல்லாம் இதே தத்துவம்தான். தயிர் உறை ஊற்றவும் அப்படியே. மாவு பொங்கிவிட்டாலும் வேலை முடியவில்லை. இட்லிப் பானையின் ஆவி 93 டிகிரிதான், அது அழுத்தத்தின் வேலை. 10 நிமிடத்தில் எடுக்கிற இட்லிக்கு 14, 15 நிமிடம் கொடுக்க வேண்டும்.

கேக் செய்பவர்களுக்கு ஒரு வரி: பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள், இல்லாவிட்டால் அவசரமாக எழும்பி நடுவில் குழி விழும்.

இனி, முழுக்க முழுக்கக் குளிரின் கைவரிசை. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி அது மெழுகுதான், குறுகிய வாய் பாட்டிலில் வாங்கினால் கத்தரிக்கோல் தேட வேண்டியிருக்கும். தேன் உறைவது பலரைப் பயமுறுத்துகிறது. தேன் சர்க்கரையாகப் படிவதற்கு மிகவும் பிடித்த வெப்பநிலை 14 டிகிரி சுமார், கோத்தகிரி, ஊட்டி வீட்டு அலமாரியின் வெப்பநிலை அது. அதனால் உறைந்த தேன் வெல்லப்பாகு கலந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். பாட்டிலை 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராகச் சுட வைத்தால் மணமும் நிறமும் போய்விடும்.

சமையல் கேஸ் சிலிண்டரைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இங்கே செய்யும் வைத்தியம் பெரும்பாலும் தலைகீழ். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. அதில் கலந்திருக்கும் புரோபேன் பூஜ்யத்துக்கு 42 டிகிரி கீழேயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. டிசம்பர் விடியலில் 4, 5 டிகிரியில் பியூட்டேன் மிகவும் சோம்பேறி. அதிலும் சிலிண்டர் தீரும் தறுவாயில் மிச்சமிருப்பது பெரும்பாலும் பியூட்டேன் என்பதால் தீ சிறுத்துவிடும். திரவம் ஆவியாகும்போது சூட்டைச் சிலிண்டரிடமிருந்தே உறிஞ்சுகிறது. இரண்டு பர்னரும் எரியும்போது சிலிண்டரின் கீழ்ப்பாதி சில்லென்று வியர்ப்பது அதனால்தான். அந்தச் சூட்டை அறைக் காற்றுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலரும் குளிருகிறதே என்று சிலிண்டருக்குச் சாக்கோ கம்பளியோ சுற்றுகிறார்கள். சிலிண்டருக்கு உடம்புச் சூடு கிடையாது, கம்பளி அதைக் காப்பாற்ற. அறைக் காற்றிலிருந்து வரும் சூட்டைத்தான் கம்பளி தடுக்கிறது, தீ இன்னும் சிறுக்கும். சாக்கைக் கழற்றுங்கள். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள், நான்கு பக்கமும் காற்றோட்டம் விடுங்கள், ஒரு பர்னரோடு நிறுத்துங்கள். வெந்நீர்த் தொட்டியில் வைப்பது, ஹீட்டர் பக்கம் நகர்த்துவது, படுக்கப்போட்டு உருட்டுவது மூன்றும் கூடவே கூடாது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும்.

குளிரும் அழுத்தமும் எதிரெதிராக இழுத்து யாருக்கும் தெரியாமல் சமமாகிப் போகும் ஒரே இடம் டயர். கோவையில் 32 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ காற்றடித்துக்கொண்டு ஊட்டி வருகிறீர்கள். வெளிக்காற்று குறைந்ததால் கேஜில் 2.8 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். காலையில் 12 டிகிரிக் குளிரில் டயர் காற்று சுருங்கியதால் 3 பிஎஸ்ஐ குறைய வேண்டும். கூட்டிக் கழித்தால் 31.8. மலையில் காற்று அழுத்தம் கூடிவிடும், கொஞ்சம் இறக்கிவிடுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு இறக்கினால் காலையில் டயர் உண்மையிலேயே குறைவாக இருக்கும். ஏறிவந்த கையோடு பார்த்தால் ஓடிய சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ அதிகம் காட்டும், அதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். ராத்திரி நிறுத்தி, விடியற்காலையில் பார்ப்பதுதான் கணக்கு.

எஞ்சினுக்கு இந்தச் சமாதானம் கிடையாது. 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் ஊட்டி வரும்போது ஐந்தில் ஒரு பங்கு சக்தி காணாமல் போயிருக்கும். புதிய வண்டிகள் பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் பைக் குறைத்துக்கொள்ளாது. கரும்புகை விடும், பிளக் கரி பிடிக்கும்.

குளிரைப் பற்றியே இன்னொரு தப்பான எண்ணம், உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும் என்பது. பகலில் சரி. உறைபனி விழும் இரவில் தவறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் முதலில் வெளுப்பது தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காப் புல்வெளி, எல்லாம் பள்ளங்கள். கொடைக்கானலில் ஏரியை ஒட்டிய ஜிம்கானா புல்வெளி. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, நீலகிரியின் உச்சி, பல இரவுகளில் இவற்றைவிட இதமாக இருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல் தன் சூட்டை நேராக ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் குளமாகத் தேங்குகிறது. ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 4 டிகிரி காட்டும்போது காலடியில் புல் உறைந்திருக்கும். மூன்று முதல் ஐந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். மேகம் மூடிய இரவிலும் காற்று வீசும் இரவிலும் உறைபனி வராது.

இதனால்தான் தேயிலைத் தோட்டத்தில் கருகுவது எப்போதும் பள்ளத்துப் பாத்தி. இளம் செடிகளைத் தழை போட்டு மூடுவதும், விடியலில் வெயில் விழுமுன் ஸ்பிரிங்ளர் போட்டுப் பனியைக் கழுவிவிடுவதும் அங்கே வழக்கம். வீட்டுத் தொட்டிச் செடி என்றால் சாயங்காலமே சுவர் ஓரமாகவோ கூரை அடியிலோ நகர்த்தினால் போதும். ஆகாயம் தெரியாத இடத்தில் உறைபனி விழுவது அபூர்வம். காரும் அப்படித்தான், மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடி வெளுக்காது. வெளுத்துவிட்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும், பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டலாம்.

உடம்புக்கு வருவோம். ஊட்டியின் உயரம் அடிக் கணக்கில் சுமார் 7,350. பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது ஊட்டிக்காரர்கள் தினமும் சுவாசிப்பது விமானத்துக்குள் இருக்கும் அளவு காற்றைத்தான். தொட்டபெட்டா உச்சி அந்த வரம்பையும் தாண்டியது. ஆக்சிஜனின் விகிதம் எங்கும் அதே 21 சதவீதம், மூச்சுக்கு உள்ளே போகும் மொத்தக் காற்றுதான் குறைவு. படியேறினால் முதல் இரண்டு நாள் மூச்சு வாங்குவது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கீழே காட்டியதைவிடச் சில புள்ளி குறைவாகக் காட்டுவது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் அது இயல்பல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயிலும் ஏமாற்றும். 1,000 மீட்டருக்குப் புறஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும். வடிகட்டும் காற்று குறைந்ததால் வரும் வினை. மெல்லிய மேகத்தை அதில் 80 சதவீதம் வரை ஊடுருவிவிடும். குளிருகிறதே என்று வெயிலில் காய்ந்தால் சாயங்காலம் மூக்கும் காதும் சிவந்து தோல் உரியும். மேலே காற்றும் தூசியும் குறைவு என்ற இதே காரணத்தால்தான் சூரியனை ஆராயக் கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் அமைத்தார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. பார்பிக்யூ செய்து முடித்த அடுப்பில் புகை இல்லை, தணல்தான் இருக்கிறது என்று உள்ளே எடுத்து வருவதும் அதே ஆபத்து. புகை அடங்கிய தணலில்தான் கார்பன் மோனாக்சைடு தாராளமாகக் கிளம்பும். அதற்கு மணம் இல்லை, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கக் கலக்கம், பிறகு எழுந்திருக்க முடியாது. வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, மின்சார ஹீட்டர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது எல்லாம் திரும்பி நடக்கும். காது, ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் உள்ளிருந்து காற்றை வெளியே சுலபமாக விடும். வெளியிலிருந்து உள்ளே விட, அதை நாம் விழுங்கித் திறக்க வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஒரே மூச்சில் இறங்குகிறோம். எனவே மலையடிவாரத்துக் கல்லார் வரை குழந்தைகளைத் தூங்க விடாதீர்கள், பாலோ மிட்டாயோ கொடுத்துக்கொண்டே வாருங்கள். சளி பிடித்திருந்தால் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்குங்கள்.

ஊட்டியில் சுடச்சுட இட்லி வைத்து இறுக்கி மூடிய டிபன் பாக்ஸ் மேட்டுப்பாளையத்தில் திறக்கவே மறுக்கும். உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் விழுந்தது ஒருபுறம், வெளியே காற்றின் எடை கூடியது மறுபுறம். மல்லுக்கட்ட வேண்டாம், மூடியின் விளிம்பில் ஸ்பூன் காம்பைச் செருகி ஒரு நெம்பு நெம்பினால் ‘உஸ்’ என்று காற்று புகுந்து கழன்றுவிடும். சாக்லேட் வேறு விதம். கோகோ வெண்ணெய் 32 முதல் 34 டிகிரிக்குள் உருகும். ஊட்டியின் அறைச் சூட்டில் பளபளவென்று இருந்தது கீழ்நாட்டு வெயிலில் இளகி, மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சை இல்லை, சாப்பிடலாம், வாயில் சற்று மண் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படிந்து சர்க்கரையும் பூக்கும்.

உப்பிய பாக்கெட் கெட்டதா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவும் இறக்கம்தான் வழி. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் கீழே கொண்டுவந்தால் பழைய அளவுக்கே அமுங்கிவிடும். தயிர், பனீர், இட்லி மாவு போன்ற ஈரமான பாக்கெட்டுகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பையில் வந்து, சிப்ஸ் அமுங்கிய பிறகும் பனீர் பாக்கெட் உப்பியே இருந்தால் அதை உப்ப வைத்தது மலை அல்ல, உள்ளே வளர்ந்த கிருமி. அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுங்கள்.